பென்சிலில் வரைந்த திரை

எங்கள் கல்லூரியின் கம்ப்யூட்டர் அறைச் சாவி கணக்கியல் பேராசிரியரின் சட்டைப் பையிலேயே கிடந்தது. "தொட்டா கெட்டுப்போகும்" என்பார். கணக்கு எழுதும் மென்பொருளின் திரையை நாங்கள் நோட்டில் ஸ்கேல் வைத்து வரைந்து மனப்பாடம் செய்தோம். கோடு கோணினால் மார்க் போச்சு. எனக்கு நூற்றுக்கு நூறு.

வேலையில் சேர்ந்த முதல் நாள், ஒரே ஒரு பில்லைப் பதிவு செய்யச் சொன்னார்கள். திரையின் கட்டமெல்லாம் அத்துப்படி. எதைத் தட்டினால் அது திறக்கும் என்பதுதான் தெரியவில்லை. திருதிருவென்று விழித்தேன்.

"காலேஜ்ல என்னத்தம்மா கிழிச்சீங்க?" என்று மேனேஜர் கேட்க, ஆபீஸே சிரித்தது. மத்தியானத்துக்குள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அந்தச் சிரிப்பைப் பன்னிரண்டு வருடம் நெஞ்சில் பொத்தி வைத்திருந்தேன்.

இப்போது அதே மென்பொருளைப் பேராசிரியர்களுக்குக் கற்றுக்கொடுத்துப் பரீட்சை வைப்பது என் வேலை. தேறாதவர் இனி வகுப்பெடுக்க முடியாது. இன்று வந்தவர்களில், முதல் வரிசையில் எங்கள் கணக்கியல் பேராசிரியர் உட்கார்ந்திருந்தார். அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை.

அவருடைய கம்ப்யூட்டரை மட்டும் அணைத்துவிட்டு, தாள், பென்சில், ஸ்கேல் வைத்தேன்.

"என்னம்மா இது?"

"ஸ்கிரீனை வரைங்க சார். மெஷினைத் தொட்டா கெட்டுப்போகும். சாயங்காலம் பரீட்சை மட்டும் மெஷின்லதான்."