மூன்றாம் மாடிக் கஞ்சி

இடது சட்டைக் கைக்குள் தியா தோ என்னும் ஊதா இலை. வலது சட்டைக் கைக்குள் வெங்காயத்தாள். இரண்டுக்கும் மேலே ஒரு கம்பளிச் சட்டை, அதற்கும் மேலே தொழிற்சாலை கொடுத்த நீல நிறக் குளிர்க்கோட்டு. லுயென் விடுதி வாசலைத் தாண்டிக் கால் வைத்ததும் தூக் அத்தை எதிரே வந்து நின்றாள்.

"எங்க போயிட்டு வர்ற?"

"சந்தைப் பக்கம் அத்தை. சும்மா."

"ஞாயித்துக்கிழமை மத்தியானம், இந்தத் தூறல்ல, சும்மா சந்தைக்கு?"

"வேடிக்கை பாக்கத்தான்."

தூக் அத்தை விடுதியின் வார்டன். அவளுடைய மூக்கு பாக் நின் தொழிற்பேட்டை முழுக்கப் பிரசித்தம். காலணிக்குள் திணித்து, அதைப் பாலித்தீன் உறையில் கட்டி, அதையும் பெட்டிக்குள் பூட்டி வைத்திருந்த கருவாட்டைப் போன மாதம் மாடிப்படியில் நின்றபடியே கண்டுபிடித்தவள். கருவாட்டின் சொந்தக்காரி அன்று மாலையே படுக்கையைச் சுருட்டிக்கொண்டு வெளியேறினாள்.

அந்த மூக்கு இப்போது லுயெனின் கழுத்தருகே வந்தது. மழையில் நனைந்த தியா தோ இலை, துளசியையும் சோம்பையும் சேர்த்துக் கசக்கினாற்போல மணக்கும். லுயெனுக்கே அது குப்பென்று அடித்தது. தொலைந்தோம் என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

ஒன்றும் நடக்கவில்லை.

கண்ணைத் திறந்து பார்த்தால் தூக் அத்தையின் மூக்கு நுனி செக்கச் செவேலென்று இருந்தது. வாயால் மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள்.

"உங்களுக்குச் சளியா அத்தை?"

"கத்தாத." தூக் அத்தை சட்டென்று காவலாளி இருந்த பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "எவ சொன்னா சளின்னு? தூசு."

அவள் பயத்துக்குக் காரணம் இருந்தது. இந்தக் குளிர்காலத்தில் நிர்வாகம் கொண்டுவந்த சட்டம், சளி, காய்ச்சல் என்று யார் படுத்தாலும் சம்பளமில்லாமல் ஊருக்கு அனுப்புவது. டெட் புத்தாண்டு முடிந்துதான் திரும்ப வரலாம். லென்சு துடைப்பவளானாலும் சரி, வார்டனானாலும் சரி. சட்டத்தோடு ஆளுக்கொரு குப்பி மாத்திரையும் கொடுத்திருந்தார்கள். தண்ணீரில் போட்டால் நுரைத்துக் கரையும், ஆரஞ்சு மணம் அடிக்கும். கேடயம் பிடித்த குண்டுக் குழந்தை ஒன்று குப்பியின் மேல் சிரித்துக்கொண்டிருக்கும். நோய் அண்டாதாம். தூக் அத்தை அதை மூன்று வேளையும் விடாமல் குடித்தாள்.

"நீ என்கூட வா" என்று லுயெனின் தோளைப் பிடித்தாள். "மூணாம் மாடியில எவளோ சமைக்கிறா. மின்சார மீட்டர் ஓடுற வேகத்தைப் பாத்தாலே தெரியுது. டைரக்டர் டெட்டுக்கு முன்னாடி ஒரு ரூமையாவது காலி பண்ணிக் காட்டுன்னுட்டார். ஒரே ஒரு ரூம். கண்டுபிடிச்சுக் குடுத்துட்டீன்னா நான் போய்ப் படுத்துக்குவேன். உனக்கு நல்ல மூக்கு. அன்னிக்கே பாத்தேனே."

அன்றைக்கு என்றால், மழைக்காலக் கடைசியில். சுவர் பிளக் ஒன்று உள்ளுக்குள் கருகும் வாசத்தை முதலில் பிடித்து, ஓடிப்போய்ச் சொல்லி மாடியைக் காப்பாற்றியவள் லுயென். நிர்வாகம் பழைய ஒயரை மாற்றவில்லை. அறைகளில் சமைக்கக் கூடாது, சமைத்தால் அன்றே வெளியே என்று நோட்டீஸ் ஒட்டியது. அதிலிருந்து மூன்றாம் மாடியில் பாதிப் பேர் லுயெனிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

இப்போது அதே மாடியின் கடைசி அறையில், லுயெனின் கட்டிலுக்கடியில், மின்சாரக் குக்கர் கொதித்துக்கொண்டிருந்தது. கட்டில்மேல் அவள் தங்கை ஞான். யாருக்கும் தெரியாமல் மறைத்து வைத்த காய்ச்சல் நேற்று இறங்கிவிட்டது. கேன்டீனின் ஆறிப்போன சோறுதான் தொண்டையில் இறங்கவில்லை. அரிசிக் கஞ்சி குழையட்டும், நான் போய் இலை வாங்கி வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள் லுயென். பிடிபட்டால் இந்தக் குளிரில், உடம்பு தேறாத தங்கையோடு, தெருவில்.

மாட்டேன் என்று சொன்னால் சந்தேகம். சரி என்றால் கடைசிக் கதவு தன்னுடையது.

"வாங்க அத்தை" என்றாள்.

முதல் அறையில் நே அன் மாகாணத்துப் பெண்கள். கதவு திறந்ததுமே வறுத்த பூண்டு மூக்கில் ஏறியது. மூவரும் ஒரே போர்வைக்குள் உட்கார்ந்து, தேர்வு எழுதப் போகிறவர்கள்போலச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"என்ன வாசம்?" என்று கேட்டாள் தூக் அத்தை.

"தைலம்" என்றாள் லுயென்.

"பூண்டு இல்ல?"

"இல்ல அத்தை. தைலந்தான். இவங்க குளிச்சாக்கூட தைலத்துலதான் குளிப்பாங்க."

போர்வைக்குள் ஒருத்தி சிரிப்பை இருமலாக மாற்றினாள். தூக் அத்தை இரண்டடி பின்வாங்கினாள்.

இரண்டாவது அறைக்கதவைத் தட்டத் தட்ட உள்ளே பாட்டுச் சத்தம் ஏறிக்கொண்டே போனது. கதவு திறக்கவில்லை. தூக் அத்தைக்குத் தலை வலித்தது போலும், முனகிக்கொண்டே நகர்ந்தாள்.

மூன்றாவது, ஸிம்மின் அறை.

ஸிம் மலைப்பக்கத்துக்காரி. தொழிற்சாலையில் லென்சுகளைத் துடைக்கும் வரிசையில் லுயெனுக்கு எதிர் மேசை. நோட்டீஸ் ஒட்டிய நாளிலிருந்து லுயெனுக்கு 'கம்பெனி மூக்கு' என்று பெயர் வைத்து, கழிவறைச் சுவர் வரைக்கும் பரப்பியவள் அவள்தான். கதவைத் திறந்துவிட்டு, லுயெனை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஓ. மூக்கே நேர்ல வந்திருக்கா."

அலமாரிக்குப் பின்னால் எலும்புச் சாறு கொதிக்கிறது. இஞ்சியைச் சுட்டுத் தட்டிப் போட்டிருக்கிறாள், மிளகும் நிறைய. மூக்கு வேண்டியதில்லை, காது போதும், மூடி தடதடப்பது கேட்டது. தூக் அத்தைக்குச் சளி காதையும் அடைத்திருக்க வேண்டும்.

லுயெனுக்கு ஒரு கணம் எல்லாம் சுலபமாகத் தெரிந்தது. ஒரே ஒரு ரூம் போதும் என்றுதானே சொன்னாள். ஒற்றை விரலை அலமாரிப் பக்கம் நீட்டினால் வேட்டை இங்கேயே முடியும். கடைசிக் கதவு வரை யாரும் போகமாட்டார்கள். ஸிம்மும் அதைத்தான் எதிர்பார்த்தாள் போல. கையைக் கட்டிக்கொண்டு, சொல்லேன் பார்ப்போம் என்று நின்றாள்.

"சொல்லு" என்று நச்சரித்தாள் தூக் அத்தை.

"ஈரத் துணி நாத்தம் அத்தை. வேற ஒண்ணுமில்ல."

ஸிம்மின் முகம் கோணியது. "யார் ரூம்லடி ஈரத் துணி நாறுது?"

"உன் ரூம்லதான். வெயில் வந்ததும் காயப் போடு."

"நல்லாப் பாத்தியா?" என்று மறுபடி கேட்டாள் தூக் அத்தை.

"நல்லா மோந்து பாத்துட்டேன். வாங்க போலாம்."

நடக்கும்போது முதுகில் ஸிம்மின் பார்வை குத்துவது தெரிந்தது. அடுத்த அறையில் யாருமில்லை. அதற்கடுத்து, வாடைக்காற்று நேராக வந்து மோதும் மூலையில், லுயெனின் கதவு.

"இது என் ரூம் அத்தை. ஞான் தூங்குறா."

"தெரியும்." தூக் அத்தை தாழ்ப்பாளில் கை வைத்தாள்.

உள்ளே ஞான் தூங்கவில்லை. கட்டிலடியிலிருந்து குக்கரை வெளியே இழுத்து, மூடியைத் திறந்து, கரண்டியால் அடி பிடிக்காமல் கிண்டிக்கொண்டிருந்தாள். ஆவி அறை முழுக்க நின்றது. இதைக் கண்டுபிடிக்க மூக்கு எதற்கு.

"அக்கா, குழைஞ்சிடுச்சு" என்று சொல்லிக்கொண்டே நிமிர்ந்தவள் அப்படியே உறைந்தாள்.

தூக் அத்தை மெதுவாகத் திரும்பினாள். "இது உனக்கு வாசம் அடிக்கல?"

"மாடிப்படியிலயே அடிச்சுது."

"அப்ப அங்கயெல்லாம் சொன்னது?"

"பொய்."

கொஞ்சமும் தயங்காமல் வந்த அந்தப் பதிலில் தூக் அத்தை திகைத்துப்போனாள். பிறகு கத்தினாள், கத்த வந்த குரல் பாதி வழியில் உடைந்தது. "இருட்டுறதுக்குள்ள ரெண்டு பேரும் மூட்டையைக் கட்டுங்க."

"கட்டுறோம். அவ குடிச்சு முடிக்கட்டும்."

லுயென் தரையில் உட்கார்ந்தாள். வார்டன் பார்க்கப் பார்க்க இடது கையிலிருந்து தியா தோ இலையை உருவினாள், வலது கையிலிருந்து வெங்காயத்தாளை. கத்தரிக்கோலால் பொடிப்பொடியாகக் கிண்ணத்தில் வெட்டிப் போட்டாள். ஒரு முட்டையை உடைத்து ஊற்றினாள்.

தூக் அத்தை பாய்ந்து வந்து பிளக்கைப் பிடுங்கினாள்.

"கஞ்சி ஆயிடுச்சு அத்தை. ஒயரு வேணும்னா எடுத்துக்குங்க."

தூக் அத்தை பாத்திரத்தின் விளிம்பைப் பிடித்தாள். சூடு தாங்காமல் கையை உதறினாள். லுயென் அவளுக்கும் பாத்திரத்துக்கும் நடுவே தன் உடம்பை வைத்து நகர்ந்து உட்கார்ந்து, கொதிக்கும் கஞ்சியை முட்டையின்மேல் ஊற்றிக் கிளறினாள். ஊதா இலை சுருண்டு கறுத்தது. இதைக் குடித்தால் நோய் ஓடிவிடும் என்று அவளும் சத்தியம் பண்ணமாட்டாள். சூடாக இருக்கிறது, வயிற்றுக்குள் போகிறது, வியர்க்க வைக்கிறது. வாடை அடிக்கும் மாதங்களில் இந்தப் பக்கத்து வீடுகள் எல்லாவற்றிலும் கொதிப்பது இதுதான். இதைக்கூடத் தங்கைக்குக் கொடுக்க விடாத ஓர் அறையில் எதற்காக இருக்க வேண்டும் என்று அந்த நொடியில் அவளுக்குத் தோன்றியது.

"அந்தப் பானையையாவது குடு" என்றாள் தூக் அத்தை. குரலில் இப்போது பேரம் இருந்தது. "டைரக்டர்கிட்ட காட்டுறேன். உன்னை விட்டுர்றேன்."

"குடுக்க மாட்டேன்."

"ஏய், அவளை ஏன் புடிச்சுத் தொங்குறீங்க?"

வாசலில் ஸிம். கையில் துணி சுற்றிய பாத்திரம், எலும்புச் சாறு விளிம்பு வரை தளும்பியது. அதை நேராக வார்டனின் காலடியில் வைத்தாள்.

"இது என்னுது. காலையிலிருந்து கொதிக்குது. இவ மோந்து பாத்தா, தெரிஞ்சும் சொல்லல."

லுயெனுக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. "உன்னை யாருடி வரச் சொன்னா?"

"நீ எனக்குப் பிச்சை போடுவ, நான் வாயை மூடிட்டு வாங்கிக்கணுமா? கம்பெனி மூக்கு தயவுல நான் இந்த ரூம்ல இருக்கணுமா? அதுவும் ஈரத் துணின்னு பட்டம் வேற."

"நாறுச்சு, சொன்னேன்."

"என் ரூம் நாறுச்சா? உன் காலுறையை மோந்து பாரு முதல்ல."

"நீயும் மூட்டை கட்டு" என்று இடையில் புகுந்தாள் தூக் அத்தை.

"கட்டுறேன். ஆனா அந்த நே அன் கோஷ்டி பூண்டு வறுத்ததையும் சேத்துக்குங்க. இல்லாட்டி அநியாயம்."

"எங்களை ஏண்டி இழுக்கிற?" என்று தாழ்வாரத்தில் ஒரு குரல் வந்தது. ஆனால் வந்தவள் வெறுங்கையோடு வரவில்லை. வாணலியோடு வந்தாள். பின்னால் மற்ற இரண்டு பேர், போர்வையோடு. இரண்டாவது அறையில் மட்டும் பாட்டுச் சத்தம் இன்னும் கொஞ்சம் ஏறியது.

தூக் அத்தை பாத்திரங்களைப் பார்த்தாள். ஒரு ரூம் கேட்டார் டைரக்டர். இங்கே மாடியே நிற்கிறது. அத்தனை பேரையும் துரத்தினால் திங்கட்கிழமை லென்சு வரிசையில் ஆள் இருக்காது. என்றாலும் வீம்புக்குக் கைபேசியை எடுத்தாள். "டைரக்டர்கிட்ட இப்பவே பேசுறேன்."

"பேசுங்க" என்றாள் லுயென், ஞானின் வாயில் கரண்டியை வைத்தபடி. "அவர் எங்களைப் பத்திக் கேக்கறதுக்கு முன்னாடி சளியில அடைச்ச உங்க குரலைக் கேப்பாரு."

"என்ன மிரட்டுறியா?"

"நீங்க என் தங்கச்சியைத் தெருவுல விடப் பாத்தீங்க. நான் உள்ளதைச் சொன்னேன். ஊருக்குப் போனா ரெண்டு பேரும் ஒரே பஸ்ல போலாம். உங்க ஊரும் அந்தப் பக்கந்தானே."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். தூக் அத்தையின் கட்டைவிரல் பொத்தான்மேல் நின்றது. நின்றுகொண்டே இருந்தது. அந்த நேரம் பார்த்துத் தும்மல் வந்தது; ஒன்று, பிறகு அடக்கமுடியாமல் வரிசையாக. கைபேசி சட்டைப்பைக்குள் போனது.

"ஒரே நேரத்துல எல்லா ரூம்லயும் வைக்காதீங்க" என்றாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "ஒயரு பழசு. முறை வச்சுக்குங்க. என் கண்ணுல படக் கூடாது. ஞாயித்துக்கிழமை மட்டும்."

"புதன்கிழமை குளிராதா அத்தை?" என்று கேட்டாள் லுயென். "தினமும் வைப்போம். ஒயரை மாத்தச் சொல்லி நீங்க எழுதிப் போடுங்க. நாங்க எல்லாரும் கையெழுத்துப் போடுறோம்."

தூக் அத்தை மூக்கைத் துடைத்துக்கொண்டே படியிறங்கினாள். ஆரஞ்சுத் தண்ணீர் நேரம் ஆகியிருக்கும்.

ஸிம் போகவில்லை. தன் பாத்திரத்தைத் தூக்கி, லுயெனைப் பார்க்காமலே, ஒரு கரண்டி சாற்றை ஞானின் கிண்ணத்தில் விட்டாள். "இவளுக்குத்தான். உனக்கில்ல."

"நான் கேக்கலியே."

"இஞ்சி போதுமா தங்கச்சி?"

ஞான் தலையாட்டினாள். நெற்றியில் முத்து முத்தாக வியர்த்திருந்தது. கிண்ணத்தை அக்காவிடம் நீட்டி, இன்னும் என்றாள்.

காற்று தாழ்வாரத்தில் சுழன்று உள்ளே வந்தது. நே அன் பெண் எழுந்து கதவைச் சாத்தப் போனாள். "சாத்திடுறேன் அக்கா, வாசம் ஆபீஸ் வரைக்கும் போகுது."

"போகட்டும்" என்றாள் லுயென், பாத்திரத்தின் அடியைச் சுரண்டி ஊற்றிக்கொண்டே. "ஞானுக்கு ஒரு போர்வை போடு. கதவு திறந்தே இருக்கட்டும்."