இரண்டு தரம் தோண்டிய கொழு

சண்டை ஓய்ந்திருந்த அந்த ஆண்டில், எங்கள் வயல்வெளியான வட்டையில் புதைந்து கிடந்த கண்ணிவெடிகளை எடுக்க ஓர் இயந்திரம் வந்தது. அதில் ஆள் ஏறுவதில்லை. அதை ஓட்டிய அசனார், தூரத்தில் மண்மூட்டைகளுக்குப் பின்னால் நின்று, கழுத்தில் தொங்கிய பெட்டியின் குச்சிகளை அசைப்பார். வயலுக்குள் அது தன் நீண்ட கையால் மண்ணை அள்ளும்.

மறுநாள் இயந்திரம் மாங்கேணிக்குப் போகிறது. அதற்குள் வயல் துப்புரவு என்று எழுதித் தந்தால்தான் மாரிக்கு விதைக்கலாம். இல்லையென்றால் அப்பா இந்தப் போகமும் பிறர் வயலில் கூலிக்குத்தான் போக வேண்டும்.

கடைசியாக மிஞ்சியது, அறுத்த நெல்லைச் சூடு மிதிக்கும் களவெட்டி. அதன் நடுவே, இரும்பைக் கண்டால் கத்தும் கருவி கத்தியது. இயந்திரம் மெல்ல மெல்லத் தோண்டி, துருப்பிடித்த கலப்பைக் கொழு ஒன்றையும் ஒரு சங்கையும் வெளியே வைத்தது.

"வெடியெண்டு பயந்து வேர்த்துப் போனன் அண்ணன்!" என்று அசனார் சிரித்தார்.

அப்பா இரண்டையும் சால்வையில் வாங்கிக்கொண்டார். நெற்பொலி பெருக வேண்டுமென்று களத்தின் நடுவில் இவற்றைப் புதைப்பது எங்கள் வழக்கம். புதைத்தவர் அதை வாயால் சொல்லக் கூடாது.

மத்தியானம் வெடி எடுக்க வந்தவர்கள் சோறு தின்னப் போன நேரம், அப்பா களவெட்டிக்குள் குனிந்து நிற்பதை வரம்பிலிருந்து கண்டேன். பெண்கள் அங்கே கால் வைப்பதில்லை.

பின்னேரம் கடைசியாகச் சரிபார்த்தபோது, அதே இடத்தில் கருவி மறுபடி கத்தியது. பொறுப்பாளர் மல்கம் ஐயாவின் முகம் மாறியது.

"துப்புரவாக்கின இடத்தில ஆரோ புதுசா வெச்சிருக்கிறாங்க. முழு வயலையும் திரும்பப் பாக்கணும். இனி மழைக்குப் பிறகுதான் சாமித்தம்பி" என்று அப்பாவிடம் சொன்னார்.

அப்பா நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். வாய் திறக்கவில்லை. வகுப்பில் பெயர் கூப்பிட்டாலே நடுங்குவேன் என்றுதான் பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். ஆனாலும் சொன்னேன்.

"என்ன புள்ள? இந்த மெசின் சத்தத்துக்க கேக்கல்ல!" என்றார் அசனார்.

"அப்பாதான் வெச்சவர்! அந்தக் கொழுவத்தான்!" என்று கத்தினேன்.

எல்லோரும் அப்பாவைப் பார்த்தார்கள்.

"நான் ஒண்டும் சொல்லல்ல. புள்ளதான் சொன்னது. அதுவும் வரம்பில நிண்டு" என்றார் அப்பா. அவர் முகம் தெளிந்திருந்தது.

மல்கம் ஐயாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் விடவில்லை. "வாய்ப்பேச்சக் கேட்டு நான் எழுத ஏலாது. தோண்டுங்க."

இயந்திரம் மறுபடி ஊர்ந்து போய், அதே கொழுவையும் சங்கையும் அதே கவனத்தோடு தூக்கி வைத்தது.

"ரெண்டாந்தரமும் நான்தான் பிரசவம் பாத்திருக்கன். இனி நாங்க போனாப் பொறகு வையுங்க அண்ணன்" என்றார் அசனார்.

மல்கம் ஐயா கருவியோடு இன்னொரு தரம் நடந்தார். சத்தமில்லை. எழுதிக் கொடுத்தார். வெடி அபாயம் காட்ட நட்டிருந்த சிவப்புத் தடிகளைப் பிடுங்கி லொறியில் போட்டார்கள்.

லொறி மறைந்ததும் அப்பா மண்வெட்டியைத் தேடினார்.

"பொறுங்க அப்பா. எதையாவது மறந்திட்டுத் திரும்பி வந்தாலும் வருவாங்க."

அவர் வரம்பில் என் பக்கத்தில் குந்தினார். வாவிக்கு மேலே வானம் கறுத்துக்கொண்டு வந்தது.

"அம்மாக்கிட்டச் சொல்லு, விதைநெல்ல ஊறப் போடட்டாம்" என்றார்.

நான் ஓடினேன்.