சகலையின் நடை

இருவரும் அக்கா தங்கையைக் கட்டியவர்கள். ஒரே தெருவில் வீடு. பெரியவருக்குப் பக்கவாதம் வந்த மறு வருஷமே சின்னவருக்கும் வந்தது. சகலைகள் நோயிலும் ஜோடி சேர்ந்துவிட்டார்கள் என்று சொந்தக்காரர்கள் கேலி பேசி, அதுவும் பழசாகிவிட்டது.

பெரியவர் பஸ் கண்டக்டராக இருந்தவர். இடது காலை இழுத்து இழுத்துத்தான் நடப்பார். டிரில் மாஸ்டராக இருந்த சின்னவரோ தடிகூட இல்லாமல் விறுவிறுவென்று போவார். அதைப் பார்க்கும்போதெல்லாம் கண்டக்டருக்கு வயிறு எரியும்.

"எனக்கு வந்ததுதானே அவருக்கும் வந்துச்சு? கடவுளுக்கு அவர் மேல மட்டும் என்ன கரிசனம்?"

"அவரு காலையே ஏன் பாக்கறீங்க? உங்க காலைப் பாத்து நடங்க" என்பாள் மனைவி.

அன்று இருவருக்கும் ஆஸ்பத்திரியில் நடைப் பரிசோதனை. தாழ்வாரத் தரையில் டேப் ஒட்டிக் கோடு போட்டிருந்தார்கள். மாஸ்டர் ஒரே மூச்சில் நடந்து முடித்தார். ஸ்டாப்வாட்சைப் பார்த்த பிசியோதெரபி பெண், "சூப்பர் சார்!" என்றாள். அந்தச் சொல் கண்டக்டரின் நெஞ்சில் முள்ளாய்த் தைத்தது. தன் முறை வந்ததும் வீம்புக்கு எட்டிக் கால் வைத்தார். தடுமாறிச் சுவரைப் பிடித்துத் தப்பினார்.

"பந்தயம் இல்ல சார். எப்பவும் நடக்கற மாதிரி நடங்க."

அடுத்து, நடந்துகொண்டே விலங்குகளின் பெயர் சொல்ல வேண்டும். மாஸ்டர் கிளம்பினார். "யானை" என்றதும் நின்றார். காலை எடுத்தால் வாய் மூடிக்கொண்டது; வாயைத் திறந்தால் கால் நின்றது. அவர் முகம் கறுத்துவிட்டது.

கண்டக்டரோ ஆடும் பஸ்ஸில் டிக்கெட் கிழித்தபடி பயணிகளோடு சண்டை போட்டுப் பழகியவர். "குதிரை, நரி, கழுதை, எங்க பழைய டெப்போ மேனேஜர்..." காலை இழுத்தாலும் நிற்கவே இல்லை.

அவள் சிரித்துவிட்டாள். "ரோட்ல யாராவது பேசுவாங்க, ஹாரன் அடிப்பாங்க. அப்பவும் நடக்கணும்ல? அதான் இதையும் பாக்கறோம்."

கண்டக்டருக்கு உச்சி குளிர்ந்தது. பெஞ்சில் வந்து உட்கார்ந்ததும் மாஸ்டர் மெதுவாகச் சொன்னார்: "அண்ணே, தப்பா நினைக்காதீங்க. சாயங்காலம் நீங்களும் அண்ணியும் சண்டை போட்டுக்கிட்டே தெருவுல போவீங்கல்ல? ஜன்னல்லேர்ந்து பாப்பேன். வயித்தெரிச்சலா இருக்கும். பேசினா நின்னுடறேன்னு என் வீட்டுக்காரி கூட வர்றதையே விட்டுட்டா."

தன்னைப் பார்த்தும் ஒருவர் பொறாமைப்படுவார் என்று கண்டக்டர் கனவிலும் நினைத்ததில்லை.

"நாளையிலேர்ந்து என்கூட வாங்க சகலை" என்றார்.

சேர்ந்து நடந்தார்கள். மாஸ்டர் எப்படியும் முன்னால் போய்விடுவார். கண்டக்டர் பின்னாலிருந்து குரல் கொடுப்பார்: "சகலை, நம்ம மாமியாருக்கு எந்த மாப்பிள்ளையைப் பிடிக்கும்?" பதில் சொல்ல மாஸ்டர் நிற்பார். இவர் போய்ச் சேர்ந்துகொள்வார். வெளியே சொல்வது பயிற்சி என்று; உள்ளே இருந்தது பழைய பொறாமைதான்.

சில மாதம் கழித்து ஒரு மாலை, அதே கேள்விக்கு "என்னைத்தான்!" என்று சொல்லியபடியே, நிற்காமல் போய்க்கொண்டிருந்தார் மாஸ்டர்.

கண்டக்டருக்குப் பழையபடி வயிறு எரிந்தது. "யோவ் சகலை, நில்லுய்யா!" என்று கத்தியபடி காலை இழுத்துக்கொண்டு பின்னாலேயே போனார்.