தடைக் கட்டத்தில் ஒரு பெயர்

தீவுத் தலைநகர் நூகுஅலோஃபாவில் சனிக்கிழமைதோறும் பள்ளிகளின் ரக்பி நடக்கும். சனிக்கிழமைதோறும் இடைவேளையில் லாவினியாவின் நேரலை செத்துப்போகும். இந்தப் பருவம் முழுக்க இதே கதை. ஆக்லாந்திலிருந்து காசு கட்டிப் பார்க்கும் பழைய மாணவர் சங்கம் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, இறுதி ஆட்டமும் அறுந்தால் அடுத்த வருடம் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டது. அப்படி நடந்தால் குழுவில் இருந்த நான்கு பேரும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

படம் எதனால் அறுகிறது என்பது தெரிந்ததுதான். இடைவேளை விட்டதும் மைதானமே ஃபோனைக் கையில் எடுக்கும், மொபைல் இணைப்பு திணறும். அந்த நேரம் கேமரா மேடையில் இருக்கும் பொத்தானை அமுக்கி டிஷ் இணைப்புக்கு மாற வேண்டும். லாவினியா வேனிலிருந்து ஹெட்போனில் "மாத்து, மாத்து" என்று கத்துவாள். கேமராக்காரன் செமிசி மாற்றவே மாட்டான். தானாக மாறும் கருவி ஒன்றை வைத்துப் பார்த்தாள். அது புள்ளி விழும் நேரமாகப் பார்த்து மாறித் தொலைத்தது.

லாவினியா ஆக்லாந்தில் பிறந்து வளர்ந்தவள், ஒற்றைப் பிள்ளை. அங்கே மென்பொருள்காரர்களின் அஜைல் முறையில் வேலை பழகி, அதை அப்படியே இங்கே கொண்டுவந்திருந்தாள். தினமும் காலையில் எல்லோரும் வட்டமாக நிற்க வேண்டும். நேற்று என்ன செய்தேன், இன்று என்ன செய்வேன், என்ன தடை என்று ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும். தடையை அட்டையில் எழுதிப் பலகையின் தடைக் கட்டத்தில் ஒட்ட வேண்டும். மூவரும் தினமும் ஒரே குரலில் "தடை ஒண்ணும் இல்லை" என்றார்கள். தடையே இல்லாமல் தோற்றுக்கொண்டிருந்த குழு உலகத்தில் அது ஒன்றாகத்தான் இருக்கும்.

வாரத்துக்கு ஒரு சிறிய மாற்றம் என்று புது ஒயர், புது பேட்டரி, புது மோடம் எல்லாம் போட்டாயிற்று. மிச்சமிருந்தது செமிசிதான். அவள் உள்ளே வந்தால் அவன் வெளியே போவான். வட்டத்தில் தரையைப் பார்த்தே பேசுவான். சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு மாமரத்தடிக்குப் போய்விடுவான். தான் அவனுக்கு என்ன கெடுதல் செய்தோம் என்று யோசித்து யோசித்து லாவினியாவுக்கு மண்டை காய்ந்தது.

இறுதி ஆட்டத்துக்கு முந்தைய நாள், ஒலியைக் கவனிக்கும் ஃபட்டாயிடம் கேட்டேவிட்டாள்.

"உண்மையைச் சொல்லுடி. செமிசிக்கு என்னைக் கண்டாலே ஆகாதா?"

ஃபட்டாய் சுற்றிக்கொண்டிருந்த ஒயரைக் கீழே போட்டாள். "நெசமாவே தெரியாமத்தான் கேக்குறியா? அவன் பாட்டியும் உன் தாத்தாவும் கூடப்பொறந்தவங்க. அவன் உனக்கு அண்ணன்."

"அது எங்கயோ தூரத்துச் சொந்தம்."

"ஆக்லாந்துல எப்படியோ. இங்க எந்த வழிச் சொந்தம்னாலும், எவ்வளவு தூரம்னாலும் அண்ணன்னா அண்ணன்தான்."

"சரி, இருந்துட்டுப் போகட்டும். பொத்தானை அமுக்க அதுல என்ன கஷ்டம்?"

"இடைவேளையில மோசெசே வாயைத் தொறந்தா என்னடி வரும்?"

மோசெசே வர்ணனையாளன். அவன் இடைவேளையில் அவிழ்த்துவிடும் ஜோக்குகளுக்குப் பெண்கள் முகத்தை மூடிக்கொண்டு சிரிப்பார்கள்.

"அதே லைன்ல நீயும் இருக்கே," என்றாள் ஃபட்டாய். "தங்கச்சி கேட்டுக்கிட்டிருக்கறப்போ அந்தக் கண்றாவியை அண்ணன்காரன் எப்படிக் கேப்பான்? மோசெசே ஆரம்பிச்சதும் ஹெட்போனைக் கழட்டி வச்சிட்டு மேடையை விட்டே எறங்கிடுவான்."

"இதை வட்டத்துல சொல்றதுக்கென்ன உங்களுக்கு?"

"வட்டத்துலதான் நீங்க ரெண்டு பேரும் நிக்கிறீங்களே. உங்க முன்னால அந்தப் பேச்சை எவ எடுப்பா? உனக்குத் தெரியும்னுல்ல நெனச்சோம். தெரிஞ்சும் ஏன் இவ லைனை விட்டு எந்திரிக்க மாட்டேங்குறான்னு நாங்கதான் கொழம்பிக் கெடந்தோம்."

"மோசெசேயை அடக்கி வாசிக்கச் சொன்னா?"

"அப்புறம் ஆக்லாந்துல எவன் பாப்பான்?"

ஊர் மரியாதைப்படி அண்ணனும் தங்கையும் ஒன்றாக உட்கார்ந்து படம்கூடப் பார்க்க மாட்டார்கள் என்பது லாவினியாவுக்கும் தெரியும். கூடப்பிறந்த அண்ணன் இருக்கிற வீட்டுக்குத்தான் அந்தக் கவலை என்று நினைத்திருந்தாள். வெட்கம் பிடுங்கித் தின்றது.

மறுநாள் தன் ஹெட்போனை ஃபட்டாயிடம் கொடுத்துவிட்டுக் கூட்டத்தோடு கூட்டமாக நின்று, ஃபோனில் தன் நேரலையைத் தானே பார்த்தாள். இடைவேளை வந்தது. படம் ஒரு நொடி நின்றது. பிறகு படம் பளிச்சென்று ஓடியது. மேடையில் செமிசி தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தான். அவன் சிரித்து அவள் பார்த்ததே இல்லை. தான் விலகிய பிறகுதான் எல்லாம் சரியானது என்பதில் சந்தோஷப்படுவதா அழுவதா என்று அவளுக்குப் பிடிபடவில்லை. அடுத்த வருடமும் நீங்கள்தான் என்று அன்றே சங்கத்திலிருந்து செய்தி வந்தது.

திங்கட்கிழமை மற்றவர்கள் வருமுன் ஓர் அட்டையில் 'லாவினியா' என்று எழுதித் தடைக் கட்டத்தில் ஒட்டினாள். இனி வட்டத்தில் நிற்பதில்லை என்று முடிவு செய்துகொண்டு தேநீர் வாங்கப் போனாள். திரும்பி வந்தபோது அட்டையைக் காணோம். மேசைமேல் ஓலைக்கூடை ஒன்று ஆவி பறக்க இருந்தது. சேப்பங்கிழங்கு இலையில் பொதிந்த இறைச்சி, மேலே பன்றியின் நல்ல துண்டு.

"செமிசி கிழிச்சுப் போட்டுட்டான்," என்றாள் ஃபட்டாய். "தங்கச்சி பேரு அந்தக் கட்டத்துல இருக்கக் கூடாதாம். விடியக்காலையிலயே குழியடுப்பு மூட்டியிருக்கான். இங்க அண்ணன் சமைச்சா மொதப் பங்கு தங்கச்சிக்குத்தானே வரணும்."

வாசலுக்கு வெளியே, மாமரத்தடியில் செமிசி முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான். லாவினியா அவன் பக்கம் திரும்பாமல் ஃபட்டாயிடம் சொன்னாள்: "அண்ணனுக்கு இன்னிக்குத் தடை ஏதாவது இருக்கான்னு கேளு."

ஃபட்டாய் வாசலைப் பார்த்து அதையே உரக்கக் கேட்டாள்.

"இருக்கு," என்றது வெளியிலிருந்து குரல். "கறி ஆறிப் போகுது. மொதல்ல சாப்பிடச் சொல்லு."