நாற்பத்தேழு ஓடும்

ஸ்டோர் அதிகாரி வண்டிகளின் மேல் சாக்பீஸால் குறி போட்டுக்கொண்டே போனார். டிக் என்றால் அந்த வண்டி லாரி ஏறிப் பட்டறைக்குப் போகும், புது உயிர் கிடைக்கும். பெருக்கல் என்றால் இங்கேயே வெட்டு. பன்னிரண்டு வண்டிகளில் ஏழுக்கு டிக், ஐந்துக்குப் பெருக்கல். நாற்பத்தேழின் முன் தகட்டில், நான் காலையில்தான் துடைத்திருந்த இடத்தில், அவர் போட்ட பெருக்கல் மற்ற நான்கைவிடப் பெரிதாக இருந்தது. எனக்கு அப்படித் தோன்றியதா, நிஜமாகவே பெரிதா என்று இப்போது கேட்டால் சொல்லத் தெரியாது.

அவர் மேல் தப்பு ஒன்றும் இல்லை. பதிவேட்டில் இருந்ததைப் பார்த்துப் போட்டார். பதிவேட்டை எழுதியவன் நான்.

வண்டியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். ராணுவத்தில் வேவு பார்க்கப் போகும் வண்டி இது. ஆறு சக்கரம், மெல்லிய இரும்புத் தகடு, மேலே ஒரு குட்டிக் கோபுரம். பீரங்கி வண்டிக்காரர்கள் இதைத் தகர டப்பா என்று கேலி செய்வார்கள். செய்துவிட்டுப் போகட்டும். அவர்கள் எந்தப் பாதையில் போனால் திரும்பி வருவார்கள் என்று முன்னாடியே போய்ப் பார்த்து வந்து சொன்னது இந்தத் தகர டப்பாதான். சண்டை போடுவது எங்கள் வேலை இல்லை. போய்ப் பார்க்க வேண்டும், போனது யாருக்கும் தெரியாமல் திரும்ப வேண்டும். இருப்பதை இல்லை என்று காட்டுவது எங்களுக்குக் கைவந்த கலை. அந்தக் கலைதான் என்னை இந்த இடத்தில் கொண்டுவந்து நிறுத்தியது.

பதினான்கு வருஷம் நாற்பத்தேழை ஓட்டினேன். மேலே கோபுரத்தில் நின்று வழி சொன்னவர் எங்கள் கமாண்டர். அவர் தூங்கி யாரும் பார்த்ததில்லை என்பதால் அவருக்கு ஆந்தை என்று பெயர். நான் உருட்டி உருட்டி ஓட்டுகிறேன் என்று அவர் எனக்கு வைத்த பெயர் ஆமை. ஓட்டுகிறவனின் இருக்கை கீழே இருக்கும். தலைக்கு மேல் மூடியைப் போட்டுவிட்டால் முன்னால் ஒரு கையகலக் கண்ணாடியில் தெரிவதுதான் உலகம். பின்னால் என்ன இருக்கிறது என்று கடவுளுக்கும் கமாண்டருக்கும்தான் தெரியும். பேசிக்கொள்ள ஒரு கருவி கொடுத்திருந்தார்கள். அது கரகரவென்று போட்ட சத்தத்தில் மூன்றாவது நாளே ஆந்தை அதன் ஒயரைப் பிடுங்கிவிட்டார். அதற்குப் பிறகு எல்லாம் கால்தான். என் கழுத்துக்குப் பின்னால் தொங்கும் அவர் பூட்ஸ் வலது தோளை அழுத்தினால் வலது பக்கம், இடது தோளை அழுத்தினால் இடது பக்கம். முதுகில் உந்தினால் முன்னால் போ. இரண்டு தோளையும் சேர்த்து அழுத்தினால் பின்னால் வா. தலையில் மெதுவாக ஒரு தட்டு தட்டினால் நில். பதினான்கு வருஷமும் என் சட்டைத் தோளில் சேற்றுக் கறை இருந்தது. துவைத்துத் துவைத்து அலுத்துப்போய், "அந்த மனுஷன் கால்ல ஒரு சாக்கக் கட்டி விடக் கூடாதா?" என்பாள் என் மனைவி.

வண்டிக்கும் எனக்கும் ஒரே மாதத்தில் ஓய்வு கொடுத்தார்கள். அதற்கு முந்தைய மாதம்தான் என் மனைவி இறந்துபோயிருந்தாள். ஒரே மகள், விமானம் ஏறிப் போகும் தூரத்தில் குடும்பமாக இருந்தாள். ஓய்வு பெற்ற வண்டிகளை நிறுத்தும் யார்டில் பதிவேடு எழுத ஆள் வேண்டும், தங்குவதற்கு ஒரு அறையும் உண்டு என்று சொன்னபோது இரண்டாவது முறை யோசிக்கவில்லை. நாற்பத்தேழும் அங்கேதான் போகிறது என்று தெரியும்.

வந்த மூன்றாம் மாதம் ஒரு உத்தரவு வந்தது. நாற்பத்தேழின் கியர் பெட்டியைக் கழற்றி, இன்னும் வேலையில் இருக்கும் வேறொரு வண்டிக்கு அனுப்பச் சொன்னார்கள். பதிவேட்டில் எழுதினேன்: கியர் பெட்டி உடைந்துள்ளது. அடுத்த வருஷம் இன்ஜினைக் கேட்டார்கள். இன்ஜின் இறுகிவிட்டது என்று எழுதினேன். பிறகு பிரேக், பிறகு அச்சு. வருஷத்துக்கு ஒருமுறை சோதனைக்கு வரும் குமாஸ்தா குடையை விட்டு வெளியே வராத ஆள். அவர் வரும் நாளில் விடிந்ததும் மூன்று டயரில் காற்றைப் பிடுங்கிவிட்டு, கிழிந்த வலையை எடுத்து மேலே போர்த்தி வைப்பேன். அவர் தூரத்திலிருந்தே உச்சுக் கொட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டுப் போய்விடுவார். அவர் தலை மறைந்ததும் பம்பை எடுத்து வந்து காற்றடிப்பேன். காகிதத்தில் நான் அந்த வண்டியைக் கொன்றிருந்த விதத்தைப் படித்தால் எனக்கே பாவமாக இருக்கும்.

மகளிடமும் அதே பொய்தான். ஞாயிற்றுக்கிழமை போனில், "இங்க வந்துடுங்கப்பா" என்பாள்.

"வண்டியப் பாத்துக்கணும்மா."

"ஓடாத வண்டிய எதுக்குப்பா பாத்துக்கணும்? அது எங்க போயிடப் போகுது?"

மருமகனைப் பற்றி விசாரிப்பேன்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு யார்டின் ஜெனரேட்டரை அரைமணி நேரம் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று விதி. அந்தச் சத்தத்துக்குள் ஒளித்து நாற்பத்தேழையும் ஸ்டார்ட் செய்வேன். ஜெனரேட்டருக்கு வரும் டீசலில் அதுவும் ஒரு வாய் குடிக்கும். முன்னால் ஒரு முழம், பின்னால் ஒரு முழம், அவ்வளவுதான். அதற்கு மேல் நகர்த்தப் பின்னால் பார்த்துச் சொல்ல ஆள் வேண்டுமே. ஆந்தை மூன்று வருஷம் முன்னால் போய்விட்டார். அவர் வீட்டிலிருந்து எனக்குச் சொன்னதே பத்து நாள் கழித்துத்தான். அன்றைக்கு வெள்ளிக்கிழமை இல்லை. ஆனாலும் மூடியைத் திறந்து உள்ளே போய், இருட்டும்வரை என் இருக்கையில் உட்கார்ந்திருந்தேன்.

இப்போது இந்தப் பட்டறைக்காரர்கள் வந்திருக்கிறார்கள். பழைய வேவு வண்டிகளைப் புதுப்பித்து மறுபடி வேலைக்கு அனுப்பப் போகிறார்களாம். ஓடும் நிலையில் இருப்பது மட்டும் போதும் என்று கேட்டிருக்கிறார்கள். ஒன்பது வருஷமாக நான் யாரிடமிருந்து ஒளித்தேனோ, அவர்கள் யாரும் வரவில்லை. காப்பாற்ற வந்தவர்களிடமிருந்து ஒளித்து வைத்திருந்தேன்.

பட்டறையிலிருந்து வந்த பொறியாளர் என் மகள் வயதுப் பெண். தொப்பியைப் பின்பக்கமாகத் திருப்பிப் போட்டுக்கொண்டு, டிக் போட்ட வண்டிகளின் அடியில் படுத்துப் படுத்து எழுந்துகொண்டிருந்தாள்.

"இதுல என்னென்ன மாத்துவீங்க மேடம்?" என்று கேட்டேன்.

"கிட்டத்தட்ட எல்லாத்தையும். புது கேமரா, புது ஒயரிங். உள்ள இருக்கற சீட்டெல்லாம் எடுத்துடுவோம்."

"சீட்ட எடுத்துட்டா எங்க உக்காருவாங்க?"

"யாரும் உக்கார மாட்டாங்க ஐயா. எங்கயோ ஒரு ரூம்ல இருந்து ஸ்கிரீனப் பாத்து ஓட்டுவாங்க. வண்டி மட்டும் போயிட்டு வரும்."

"தனியாவா?"

அவள் சிரித்தாள். "வண்டிக்கு என்னங்கய்யா தனியா, துணையா? உள்ள ஆள் இல்லைன்னா யாரும் சாக மாட்டாங்கல்ல."

எனக்குக் கோபம் சுருக்கென்று வந்தது. ஆள் இல்லாமல் அந்த இருட்டுக்குள் போய் வருவதற்கு இது என்ன பேயா? அப்படிப் போவதைவிட வெட்டுப்பட்டே போகட்டும் என்று என் அறைக்குப் போய்க் கட்டிலில் உட்கார்ந்தேன். உட்கார்ந்த பிறகுதான் எங்கள் ரேடியோக்காரன் நினைவு வந்தது. வண்டியில் பின்பக்கம் அவன் இடம். ஒரு நாள் வண்டி திரும்பி வந்தது, ஆந்தையும் நானும் திரும்பி வந்தோம், அவன் வரவில்லை. அந்தப் பெண் சொன்னதில் என்ன தப்பு என்று தேடிப் பார்த்தேன், ஒன்றும் கிடைக்கவில்லை.

வெளியே, கேஸ் நெருப்பால் இரும்பை வெட்டும் கட்டிங்காரர் வேலையை ஆரம்பித்திருந்தார். பெருக்கல் போட்ட ஐந்தில் நாற்பத்தேழு மூன்றாவது. முதல் வண்டியின் கோபுரம் கீழே விழுந்த சத்தம் அறைச் சுவர் வரை வந்தது. போய்ப் பார்த்தேன். பக்கத் தகடு போய், ஓட்டுகிறவனின் இருக்கை வெயிலில் திறந்து கிடந்தது. அதன் பஞ்சு கருகி நாறியது.

"மெல்லிசுத் தகடு. மத்தியானத்துக்குள்ள மூணு வண்டிய முடிச்சிடுவேன்" என்றார் கட்டிங்காரர், நான் சந்தோஷப்படுவேன் என்று நினைத்து.

உண்மையைச் சொன்னால் வேலை போகும், அறை போகும். வண்டி பிழைத்தாலும் என்னை விட்டுப் போகும். சொல்லாவிட்டால் மத்தியானம் அது துண்டு துண்டாகக் கிடக்கும். இத்தனைக்கும் நடுவில் என் பழைய புத்தி போகவில்லை. அதிகாரி மேஜையில் வைத்திருந்த சாக்பீஸை எடுத்துக்கொண்டேன். நாற்பத்தேழில் இருந்த பெருக்கலை உள்ளங்கையால் அழித்துவிட்டு டிக் போட்டேன். கணக்கு ஐந்தாக இருக்க வேண்டும் என்று பக்கத்தில் நின்ற ஐம்பத்திரண்டின் டிக்கையும் அழித்தேன். பெருக்கல் போடக் கையைத் தூக்கினேன்.

போட முடியவில்லை. அதன் கண்ணாடிக்குக் கீழே யாரோ ஆணியால் கீறி ஒரு பெண் குழந்தையின் முகம் வரைந்திருந்தார்கள். சடை ஒன்று நீளம், ஒன்று குட்டை. அங்கேயும் ஒருவன் உட்கார்ந்திருக்கிறான், அவன் தோளிலும் யாரோ மிதித்திருக்கிறார்கள். ஐம்பத்திரண்டுக்கு டிக்கைத் திரும்பப் போட்டுவிட்டு, சாக்பீஸோடு நேராக அவர்களிடம் நடந்தேன்.

"மேடம், நாப்பத்தேழு ஓடும்."

அவள் கையிலிருந்த பதிவேட்டின் நகலைப் புரட்டினாள். "இன்ஜின் இறுகியாச்சு, கியர் பெட்டி உடைஞ்சிருக்கு, பிரேக் போச்சு, அச்சு வளைஞ்சிருக்கு. இதெல்லாம் நீங்க எழுதினதுதானே?"

"நான்தான்."

"அப்புறம்?"

"பொய்."

ஸ்டோர் அதிகாரி கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "எத்தனை வருஷமாய்யா?"

"ஒம்பது வருஷம் சார்."

"எதுக்கு?"

விற்றுத் தின்னவா, வேறு யாருக்காவது கொடுக்கவா என்று அவர் யோசிப்பது முகத்தில் தெரிந்தது. "பக்கத்துல இருக்கட்டும்னுதான் சார்" என்றேன். அதைவிட நல்ல காரணம் என்னிடம் இல்லை.

அவர் கண்ணாடியைத் திரும்பப் போட்டுக்கொண்டார். பிறகு, "சாயங்காலம் ரூம் சாவியக் குடுத்துடுங்க" என்றார். அதுவரை வாய்யா போய்யா என்றவர் அப்போதுதான் மரியாதை கொடுத்தார்.

அவள் மட்டும் வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஓடும்னா ஓட்டிக் காட்டுங்க. லாரி மேல ஏத்திட்டீங்கன்னா எடுத்துக்கறேன்."

அன்று வெள்ளிக்கிழமை இல்லை, ஜெனரேட்டரும் ஓடவில்லை. கட்டிங்காரரும் வெட்டும் நெருப்பை அணைத்துவிட்டு வேடிக்கை பார்க்க வந்துவிட்டார். மூடியைத் திறந்து இறங்கி, உட்கார்ந்து, ஸ்டார்ட் செய்தேன். ஒன்பது வருஷமாக ஒளிந்து உறுமிய இன்ஜின் யார்டு முழுக்கக் கேட்கும்படி உறுமியது. கூச்சமாக இருந்தது. பெருமையாகவும் இருந்தது.

லாரி நின்றது பின்பக்கம். இரண்டு வரிசை வண்டிகளுக்கு நடுவே அறுபது அடி பின்னால் போய், திரும்பி, சரிவுப் பலகையில் பின்பக்கமாகவே ஏற வேண்டும்.

"மேடம், எனக்குப் பின்னால தெரியாது. மேல யாராவது நிக்கணும்."

"என்ன செய்யணும்னு சொல்லுங்க" என்று அவளே கோபுரத்தில் ஏறினாள். கால் கணக்கைச் சொன்னேன். ஒருமுறை திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

"ஷூவக் கழட்டிடட்டுமா ஐயா?"

"வேண்டாம். அப்படியே வைங்க."

இரண்டு தோளிலும் இரண்டு கால்கள் வந்து இறங்கின. ஆந்தையின் கால்களைவிட லேசு. அழுத்தலாமா என்று தயங்கி, பிறகு அழுத்தின.

மனைவி போன பிறகு என்னை யாரும் தொட்டதில்லை. கடைக்காரர் சில்லறையை மேஜையில் வைப்பார், குமாஸ்தா பேனாவை நீட்டுவார், மகளின் குரல் போனில் வரும். ஒன்பது வருஷத்தில் ஒரு மனிதக் கை, ஒரு மனிதக் கால், எதுவும் என் மேல் பட்டதில்லை. அது அந்த நிமிஷம்வரை எனக்கே தெரியாது. கண்ணீர் கண்ணை மறைத்தது. பரவாயில்லை, பின்னால் போவதற்குக் கண் தேவைப்படவில்லை.

வலது தோள் அழுந்தியது, வலது பக்கம் ஒடித்தேன். இடது தோள் அழுந்தியது, நேராக்கினேன். இரண்டு தோளும் சேர்ந்து அழுந்தின. பலகை முனகியது, சக்கரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஏறின. பட்டறையில் முதலில் எடுக்கப் போவது என் இருக்கையைத்தான். இந்த வண்டியில் ஒருவர் தோளில் இன்னொருவர் கால் வைப்பது இத்தோடு சரி. அதனால் மெதுவாக ஓட்டினேன், ஆமை என்று பெயர் வைத்தவர் இருந்திருந்தால் திட்டியிருப்பார். அவள் அவசரப்படுத்தவில்லை.

வண்டி லாரியின் மேல் சமமாக நின்றதை முதுகெலும்பு சொன்னது. இன்னும் ஒரு முழம் இடம் இருக்கும், ஒரு வெள்ளிக்கிழமை அளவுக்கு. தோளிலிருந்து கால்கள் விலகின. தலையில் மெதுவாக ஒரு தட்டு.

அந்த ஒரு முழமும் பின்னால் போனேன். அவள் புரியாமல் மறுபடியும் தட்டினாள். அப்புறம்தான் நிறுத்தினேன்.