வடிந்த தண்ணீர்

"தண்ணி வடிஞ்சாச்சு, ஓடத்தையும் கட்டிப் போட்டாச்சு, இன்னும் என்ன—"

"வடிஞ்ச தண்ணி ஏறாதா என்ன? ஒரு மழைய எழுதேன்—"

"எழுதறேன். எந்த ஊரை முழுகடிக்கலாம்னு நீங்களே சொல்லிடுங்க. மூணு பாகமா ஒவ்வொருத்தரா ஏத்தி இறக்கின ஜனங்க தலையில மறுபடியும் தண்ணியக் கொட்டறதா?"

"அது கேமுக்குள்ள இருக்கிற ஜனம், தாயே."

"அப்படியா? முதல் பாகத்துல கிழவியோட ஆடு முழுகினப்போ ரெண்டு நாள் சோறு இறங்காம உக்காந்திருந்தது யாராம்?"

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வந்ததை மறைக்க நாற்காலியைத் திருப்பிக்கொண்டார். ஆபீஸில் படம் வரைகிற பெண்ணும் ஓசை சேர்க்கிற பையனும், சண்டை சூடு பிடிப்பதற்கு முன்பே, சாப்பிடப் போகிறோம் என்று நழுவியிருந்தார்கள். பழகிய பிள்ளைகள்.

கணவனும் மனைவியுமாகச் சேர்ந்து உருவாக்கிய கேம் 'ஓடக்காரி'. கதையும் பேச்சும் அவளுடையவை. கரை, காற்று, அலை, வீடு எல்லாம் அவர் கம்ப்யூட்டரில் கட்டியவை. வெள்ளம் சூழ்ந்த ஊர்களிலிருந்து ஒருத்தி ஆட்களை ஏற்றி அக்கரை சேர்க்கிறாள், அவ்வளவுதான் கதை. மூன்றாம் பாகத்தின் முடிவில் வெள்ளம் வடிகிறது. ஓடத்தைக் கட்டிவிட்டு அவள் வீட்டுக்குப் போய்ப் படுக்கிறாள். இப்போது வெளியிடுகிற கம்பெனிக்காரர் நான்காம் பாகம் கேட்கிறார். சாயங்காலம் போன் செய்வார், ஆம் இல்லை என்று சொல்லியாக வேண்டும்.

கேம் ஆடியவர்களும் இரண்டு கட்சி. 'இன்னும் ஒரு தடவை ஓட்டச் சொல்லுங்கள், கை பரபரக்கிறது' என்று ஒருவர். 'பாவம், இப்போதுதான் கண்ணயர்ந்திருக்கிறாள், எழுப்பாதீர்கள்' என்று ஒரு நர்ஸ். அந்த நர்ஸை அவளுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது.

ஆனால் அவளை உறுத்தியது நர்ஸும் அல்ல, கம்பெனிக்காரரும் அல்ல.

கணவன் மனைவி இருவரும் வேலை செய்கிற விதம் ஒன்று உண்டு. எழுதிய பேச்சை எதிரெதிரே உட்கார்ந்து உரக்கப் படித்துப் பார்ப்பார்கள். அவர் ஓடக்காரி, அவள் பயணி. மீசை வைத்த ஓடக்காரி என்று பிள்ளைகள் கிண்டல் செய்வார்கள். ஒரு வருஷம் அவளுக்கு ஆபரேஷன். வெளியூரில் இருந்த கணவர் எல்லாம் முடிந்து மறுநாள்தான் வந்து நின்றார். ஏன் என்று அவள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. பிறகு இரண்டாம் பாகத்துக்காக ஒரு பயணியை எழுதினாள். "கரையில நின்னு அத்தனை நேரம் கத்தினேனே, கேக்கலையா?" என்று பயணி கேட்பாள். 'காத்து எதிர்ப்பக்கம் அடிச்சுது' என்று ஓடக்காரி பதில் சொல்ல வேண்டும். அவர் காகிதத்தைப் பார்த்தார், தொண்டையைக் கனைத்தார், எழுதியதை விட்டுவிட்டு வேறொன்று சொன்னார்.

"கேட்டுச்சு. பயந்துட்டேன்."

அவள் பழைய வரியை அடித்துவிட்டு அதை எழுதிக்கொண்டாள். ஆடியவர்கள் உச்சிமேல் வைத்துக் கொண்டாடியது அந்த வரியைத்தான். வீட்டில் அதைப் பற்றி மூச்சு கிடையாது. தீர்ந்தது என்று இருவருமே நினைத்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகு எல்லாமே அப்படித்தான். கோபமா, பயணி வாயில் போடு. சமாதானமா, ஓடக்காரி சொல்லிவிடுவாள்.

மூன்றாம் பாகத்தில் ஓடக்காரி ஓடத்தைக் கட்டியதும் வீட்டில் பேச்சும் கட்டிப்போட்டது போல ஆயிற்று. "சாவி எடுத்தியா?" "லைட்டை அணைச்சீங்களா?" அதற்கு மேல் வளரவில்லை. போன வாரம் மகள் போனில், "அப்பாவுக்குத் தோள்வலி எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டாள். அவருக்குத் தோள்வலி என்பதே இவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. ஒரே வீடு, ஒரே கட்டில். "பரவாயில்ல" என்று சொல்லிச் சமாளித்துவிட்டு, போனை வைத்தபின் வெகுநேரம் அடுப்படியிலேயே நின்றாள்.

"ஒரே ஒரு தடவை பாரு. மாதிரிக்குக் கொஞ்சம் பண்ணி வச்சிருக்கேன்" என்று அவர் கேம் ஆடும் கன்ட்ரோலரை அவள் மடியில் வைத்தார்.

திரையில் தண்ணீர் மறுபடி ஏறியிருந்தது. ஊர் ஒன்றும் முழுகவில்லை. கட்டிய ஓடம் மிதக்கும் அளவுக்கு மட்டும், பயந்து பயந்து ஏற்றியதுபோல இருந்தது. கரையில் ஓர் ஆள். கிட்டே போனதும் எழுத்து வந்தது. சேர்ந்து வேலை செய்த பத்தொன்பது வருஷத்தில் அவர் ஒரு வரி எழுதியதில்லை. இது அவர் எழுதியதுதான், பிழைகளே சொல்லின.

'ஓடத்தை கட்டிட்டிங்களாமே. வீட்ல ஆள் இருக்கு. பேச்சு துனை இல்ல. கொஞ்ச தூரம் கூட்டிட்டு போங்களேன்.'

கீழே ஓடக்காரியின் பதிலுக்கு இடம் காலியாக விட்டிருந்தார்.

என்ன எழுத வேண்டும் என்று அவள் விரல்களுக்குத் தெரியும். எழுதிவிட்டால் போதும், இன்னும் நாலைந்து வருஷம் இந்த மேஜையில் எதிரெதிரே உட்காரலாம். சிரிக்கலாம், சண்டை போடலாம், ஆடு முழுகினால் அழலாம். வேண்டாம் என்றால் இன்றைக்கு வீட்டுக்குப் போய் பேச்சில்லாத அந்தக் கூடத்தில் உட்கார வேண்டும். நான்காவது முடிந்தபின் இவர் ஐந்தாவது கேட்பார். கேட்பது இவராகக்கூட இருக்காது, நானாக இருப்பேன் என்று தோன்றியது.

திரையை அணைத்தாள்.

"ஏன், பிடிக்கலையா?"

"நல்லா இருக்கு. அதான் பயமா இருக்கு."

"அப்ப எழுது. அவ என்ன சொல்வான்னு எழுது."

"அவ ஏத்திக்குவா. வர்றவங்களை ஏத்திக்கிறதுதானே அவ பிழைப்பு."

நாற்காலியை இழுத்து, முழங்காலோடு முழங்கால் இடிக்கும்படி அவர் எதிரே போட்டுக்கொண்டாள். அவர் கண் அணைந்த திரைக்கே போய்ப்போய் வந்தது. கை தானாகவே மேஜை மேல் எதையோ தேடியது, படிக்கிற காகிதத்தையாக இருக்கும். அந்தக் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"அங்க பாக்காதீங்க. இங்க தண்ணியும் இல்ல, ஓடமும் இல்ல, நான்தான் உக்காந்திருக்கேன். எங்கிட்ட சொல்லுங்க, உங்களுக்கு என்ன பண்ணுது?"