குளத்துக்கு அக்கரையில் சத்தமில்லை

அந்த மார்கழியில் எங்கள் பகுதிக்கு ஒரு டொக்டரும் ஒரு ஜீப்பும் இருந்தன. காய்ச்சல் மட்டும் எல்லா வீட்டிலும் இருந்தது. முதலில் சாதாரணத் தடிமன் என்று சொல்லி எல்லோரும் மல்லித்தண்ணி அவித்துக் குடித்தார்கள். மூச்சு வாங்கத் தொடங்கிய பிறகுதான் இது வேறு என்று தெரிந்தது. இன்புளுவென்சா என்று கிளிநொச்சி அரசாங்கக் கந்தோரிலிருந்து அறிவித்தல் வந்தது. பெயர் வந்தது, மருந்து வரவில்லை.

கந்தோர்க்காரர் ஒரு ஒழுங்கு வைத்திருந்தார்கள். எந்த ஊரில் எத்தனை சாவு என்று தினமும் சொல்லி அனுப்ப வேண்டும். எங்கே சாவு கூடவோ அங்கே ஜீப் போகும். அழுத பிள்ளைக்குத்தான் பால் என்பார்கள். இங்கே செத்த ஊருக்குத்தான் ஊசி. நான் மருத்துவிச்சி, பிறப்பை எண்ணிப் பழகியவள். இந்த ஒழுங்கைக் கேட்டபோது எனக்குப் பொல்லாத கோபம் வந்தது. பிறகு எனக்கே காய்ச்சல் வந்து, அந்தக் கோபத்தையும் கொண்டுபோய்விட்டது.

ஒரு கிழமைக்கு மேல் படுக்கையில் கிடந்தேன். எழும்பியபோது வாயில் ருசி இல்லை. யார் செத்தது என்று ஆட்கள் வந்து சொன்னார்கள். ஓம், ஓம் என்று கேட்டுக்கொண்டிருந்தேன். அழுகை வரும் என்று பார்த்தேன், வரவில்லை. குளத்துக்கு அக்கரைக் குடியேற்றத்தில் மீனம்மா ஏழு மாதப் பிள்ளைத்தாச்சியாக இருக்கிறாள், அவளைப் போய்ப் பார்க்க வேண்டும் என்ற ஒன்றுதான் ஞாபகத்தில் இருந்தது. பையைத் தூக்கிக்கொண்டு வெளிக்கிட்டேன்.

எங்கள் ஊர் அக்கராயன் பள்ளிக்கூட வாசலில் ஜீப்பில் பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். டொக்டர் சின்ன வயதுக்காரர், நித்திரை இல்லாமல் கண் சிவந்து போயிருந்தது. பக்கத்தில் கிராம சேவகர் சிவராசா நின்றார். பதவியின் பெயர் மாறி எவ்வளவோ காலம், எங்களுக்கு அவர் இன்னும் விதானையார்தான்.

"அமராவதியக்கா, எழும்பிட்டியளே!" என்றார். "இஞ்ச கொஞ்சம் அடங்கிட்டுது. மத்தியானம் ஜீப் முரசுமோட்டைக்குப் போகுது. அங்கதான் இப்ப சாவு கூட."

"அக்கரையில என்ன மாதிரி?"

"அங்க அடங்கி ஒரு கிழமையாச்சு. தப்புச் சத்தமே கேக்கேல்லை."

விதானையாரின் கணக்கு அப்படி. அக்கரையில் இருப்பவர்கள் எழுபத்தேழு கலவரத்தில் மலைத்தோட்டங்களிலிருந்து ஓடி வந்த சனங்கள். காட்டை வெட்டிக் குடிசை போட்டிருந்தார்கள். காணிக்கு உறுதிப் பத்திரம் இல்லை, பாதிப் பேருக்குப் பிரசாவுரிமையும் இல்லை. ஆகையால் அரசாங்கக் கடதாசி என்றாலே பயம். பிறப்பையோ இறப்பையோ பதிய யாரும் வரமாட்டார்கள். பிறப்புக்கு நான் போவேன். இறப்புக்கு வீரையாவின் தப்பு இருந்தது. மலையில் விடியற்காலை வேலைக்கு ஆள் கூட்ட அந்தத் தோல்பறையை அடித்தவர் அவர். இங்கே கலியாணம், கோயில், சாவு எல்லாவற்றுக்கும் அடித்தார். சாவுக்கு அடிக்கும் அடி வேறு. குளத்துத் தண்ணிக்கு மேலால் அது எங்கள் பக்கம் முழுக்கக் கேட்கும். மழையில் பாதை மூடியதும் விதானையார் தன் விறாந்தையில் இருந்தபடி தப்பைக் கேட்டுச் சாவை எண்ணினார். தொடக்கத்தில் அது பிழைக்கவும் இல்லை. அதில் அவருக்குப் பெருமை வேறு.

"மீனம்மாவைப் பாத்திட்டு வாறன்" என்றேன்.

குளக்கட்டால் நடந்தேன். சேலையைத் தூக்கிச் செருகியும் நனைந்தது. கால் இரண்டும் என்னுடையவை இல்லாதது மாதிரி இருந்தது. அங்கங்கே குந்தி இருந்துதான் போனேன்.

குடியேற்றத்தில் புகை இல்லை. கட்டி வைத்த ஆடுகள் கத்திக்கொண்டிருந்தன. முதல் குடிசைக்கு முன்னால் வீரையாவின் மனைவி ராக்காயி பெரிய பானையில் கஞ்சி துழாவிக்கொண்டிருந்தா. என்னைக் கண்டு எழும்பவில்லை.

"வாங்க மிஸி" என்றா. மலைச் சனங்கள் மருத்துவிச்சியை அப்படித்தான் கூப்பிடுவார்கள். "இப்ப நடமாடுறது நான் ஒருத்திதான். வீடு வீடாக் கொண்டுபோய் ஊத்துறேன். குடிக்கிறவங்க குடிக்கிறாங்க."

"வீரையா அண்ணை எங்க?"

கரண்டியால் காட்டுப் பக்கத்தைக் காட்டினா. அங்கே புது மண் மேடுகள். சிலது பெரிது, சிலது சின்னது. சின்னதுகளில் சிலவற்றை என் கையால் பிறப்பித்திருக்கிறேன். பார்த்தேன், பார்த்துக்கொண்டே நின்றேன். நெஞ்சில் ஒன்றும் நடக்கவில்லை.

"சத்தமே கேக்கேல்லையாம் எண்டு விதானையார் சொன்னார்" என்றேன்.

"அடிக்கிறவரே போயிட்டாரு. அப்பறம் யாரு அடிக்கிறது?" என்றா ராக்காயி. "அவருக்கே அடிக்கல்ல. அவருக்குப் பின்னாடி போனவங்களுக்கும் இல்ல. பாயில வச்சு இழுத்துக்கிட்டுப் போய்ப் பொதைச்சோம். மொத ரெண்டு மூணு பேருக்குத் தூக்க ஆள் இருந்திச்சு."

மீனம்மா மூன்றாவது குடிசையில் கிடந்தாள். புருசன் ராசுவை முந்தாநாள் புதைத்தார்களாம். உடம்பு கொதித்தது, உதடு நீலம் பாய்ந்திருந்தது. மூச்சை எட்டி எட்டிப் பிடித்தாள். வயிற்றில் கை வைத்தேன். பிள்ளை அசைந்தது. என் பையில் இருந்தது காய்ச்சல் குளிசை மட்டும். அவளுக்கு வேண்டியது டொக்டரின் ஊசி. டொக்டரோ மத்தியானம் போகிறார். திரும்பி நடந்தால், என் காலுக்கு நான் போய்ச் சேரமுன் ஜீப் வெளிக்கிட்டுவிடும். அனுப்பவும் வேறு ஆள் இல்லை. ஜீப் திரும்பி வரும்வரைக்கும் இவள் தாங்கமாட்டாள் என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது.

ராக்காயியிடம் திரும்பி வந்தேன். "அக்கா, தப்பு இருக்கே?"

"இருக்கு. அதுக்கென்ன?"

"நீங்கள் அடியுங்கோ. விதானையாருக்குக் கேக்கும். ஜீப் வரும்."

அவ என்னை முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தா. "பொம்பள தப்பைத் தொடுறதா? அதுவும் பொதைச்சு முடிஞ்சவங்களுக்கு? எங்க சனத்தில அப்பிடி இல்லீங்க மிஸி."

"சாவு மேளம் கேட்டாத்தான் அவை வருவினம். மீனம்மாக்கு உயிர் இருக்கு. அதுக்காக அடியுங்கோ."

ராக்காயி பானையை இறக்கி வைத்தா. "தலைக்கு மேல வெள்ளம் போயிருச்சு. சாணென்ன, முழமென்ன" என்று சொல்லிக்கொண்டு உள்ளே போனா.

தப்பைக் கொண்டுவந்து நெருப்பில் காட்டினா. மழை ஈரத்தில் தொய்ந்திருந்த தோல் மெல்ல மெல்ல இறுகியது. விரலால் சுண்டிப் பார்த்துவிட்டு மறுபடியும் காய்ச்சினா. எத்தனை வருடம் புருசன் பக்கத்தில் இருந்து பார்த்திருப்பா! தோளில் மாட்டிக்கொண்டு குச்சிகளை எடுத்தா.

"சும்மா அடிக்க ஏலாது. பேர் சொல்லித்தான் அடிப்பேன்" என்றா. "அவருக்குக் கடைசி. ஊருக்கெல்லாம் அடிச்ச மனுசன். மத்தவங்களுக்கு அடிக்காம தனக்கு அடிச்சா அவரு மனசு ஆறாது."

ஒரு பெயரைச் சொன்னா, அடித்தா. முதலில் தாளம் தடுமாறியது, பிறகு பிடித்துக்கொண்டது. சிறிது நேரம் அடித்து நிறுத்தி, அடுத்த பெயரைச் சொன்னா. நான் மீனம்மாவிடம் ஓடினேன். அவளைச் சாய்த்து இருத்தி, நெற்றிக்கு ஈரத்துணி போட்டு, நெஞ்சைத் தடவிக்கொண்டிருந்தேன். வெளியே பெயர்கள் ஒவ்வொன்றாகக் கேட்டன. பேச்சியம்மா. பேச்சியம்மாவின் சின்ன மகள். ராசு. ராசுவின் பெயர் கேட்டதும் மீனம்மா கண்ணைத் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டாள்.

எவ்வளவு நேரம் போனதோ தெரியாது. ஜீப் சேற்றில் உறுமும் சத்தம் கேட்டது. டொக்டர் முழங்கால் வரை சேற்றோடு ஓடி வந்தார். பின்னால் விதானையார்.

"என்னக்கா இது? ஆர் செத்தது?" என்று கேட்டார். காட்டுப் பக்கம் பார்த்ததும் செருப்பைக் கழற்றினார்.

டொக்டர் மீனம்மாவுக்குப் பக்கத்தில் குந்தி, குழாயைக் காதில் மாட்டி நெஞ்சில் வைத்தார். ஒரு நிமிடம் பார்த்தார். "அந்தச் சத்தத்தை நிப்பாட்டச் சொல்லுங்கோ. எனக்கு ஒண்டும் கேக்கேல்லை" என்றார்.

நான் வாசலுக்கு வந்தேன். ராக்காயி அப்போதுதான் ஒரு பெயரை முடித்து நின்றா. மிச்சம் யார் என்று எனக்குத் தெரியும். நிறுத்துங்கோ என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவ என்னைப் பார்த்தா, எனக்குப் பின்னால் டொக்டர் காதில் குழாயோடு காத்திருப்பதையும் பார்த்தா. "வீரையா" என்று சொன்னா. குச்சி உயர்ந்தது. அடிக்காமல் அப்படியே இறங்கியது. தப்பைக் கழற்றிக் குடிசைச் சுவரில் சாத்திவைத்துவிட்டு, "பாக்கச் சொல்லுங்க" என்றா. போய் மறுபடியும் கஞ்சிப் பானையைத் தூக்கினா.

டொக்டர் கேட்டார். ஊசி போட்டார். "இப்ப ஜீப்பில ஏத்தினா வழியில முடிஞ்சிடும். இண்டைக்கு நான் இஞ்சதான் நிக்கிறன்" என்று சொல்லிவிட்டு அடுத்த குடிசைக்குப் போனார். முரசுமோட்டை அன்றைக்குக் காத்திருந்தது. அங்கே யார் செத்தார்களோ, அதை நான் பிறகு கேட்கவில்லை.

பொழுது சாயும்போது மீனம்மாவின் மூச்சு கொஞ்சம் நிதானமாகி, அவள் உறங்கினாள். விதானையார் மெதுவாக என்னிடம் வந்தார். கந்தோருக்கு ஆள் அனுப்ப வேண்டுமாம்.

"ஜீப்புக்குள்ளயும் விரலை மடக்கிக்கொண்டுதான் வந்தனான், அக்கா. பதினொரு தரம் அடிச்சது. பதினொண்டு எண்டு சொல்லட்டே?"

"பன்னிரண்டு" என்றேன்.

"இல்லையக்கா, நான் ஒண்டையும் தவறவிடேல்லை. பதினொண்டுதான் கேட்டது."

"உங்களுக்குக் கேக்காதது, இவ்வளவு நாளும் உங்களுக்கு அடிச்சுச் சொன்ன ஆள்."

அவர் முகம் சுண்டிப்போனது. கெட்ட மனிதர் இல்லை அவர். நேரே ராக்காயியிடம் போனார். கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"அம்மா, வீரையாவுக்கும் அடியுங்கோ. நான் நிண்டு கேக்கிறன்."

ராக்காயி குடிசைக்குள் எட்டிப் பார்த்தா.

"அந்தப் புள்ள இப்பத்தான் கண்ணசந்திருக்கு" என்றா. "எழுப்பிராதீங்க."